கேக்கம்மாவின் டம்ளர்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. கேக்கம்மா என்றால்தான் யாருக்கும் தெரியும். மகள் பள்ளியில் படித்தபோது தொடங்கிய தொழில். மகள் கல்யாணமாகிப் போனாள், கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், கேக்கம்மாவின் ஓவன் மட்டும் ஓயவில்லை. இப்போது வீடே அதை நம்பித்தான் ஓடியது. அளவுக்கு ஒரே எவர்சில்வர் டம்ளர். மூன்று டம்ளர் மைதா, இரண்டு டம்ளர் சர்க்கரை. தராசாவது மண்ணாவது!

வம்பு பேக்கரிக்காரர் ரூபத்தில் வந்தது. தினமும் கேக் எடுத்துக்கொள்வதாகச் சொன்னவர், இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஒரு நாள் பஞ்சா இருக்கு, மறுநாள் செங்கல்லா இருக்கு. எடை போட்டுச் செய்ங்கம்மா. நாளைக்கும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

செங்கல்லாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்து, ஒரு டம்ளர் மைதாவை நிறுத்தாள். நூற்றுப் பதினைந்து கிராம். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அள்ளினாள். நூற்று இருபத்தைந்து. அட, இதென்ன கூத்து? மூன்றாம் தடவை நூற்று நாற்பது!

அதே டம்ளர், அதே டப்பா, அதே கை. பேட்டரியை மாற்றினாள். தராசைத் தரையில் வைத்துப் பார்த்தாள். தராசு விற்றவனைத் திட்டித் தீர்த்தாள். செல்போனில் தேடினால், ஒரு கப் மைதா நூற்று இருபது கிராம் என்றது ஒன்று, நூற்று நாற்பது என்றது மற்றொன்று. எதைத்தான் நம்புவது?

கணவர் பேப்பரை இறக்கினார். "தட்டாம அள்ளிப் பாரு."

"நான் எங்க தட்டுறேன்?"

"கோபம் வந்தா டம்ளர மேடையில டொக்கு டொக்குன்னு தட்டுவ. மாவு அமுங்கும், மேல இன்னும் கொஞ்சம் போடுவ. மக போன் பண்ணலன்னா ரெண்டு தட்டு. நமக்குள்ள சண்டைன்னா நாலு. சத்தத்த வெச்சே கேக் எப்படி வரும்னு சொல்லிடுவேன்."

"இத்தன வருஷமா ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா இன்னும் ரெண்டு விழுமே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மைதாவைக் கரண்டியால் மெதுவாக அள்ளி டம்ளரில் போட்டு, கத்தியால் மேலே வழித்து நிறுத்தாள். நூற்றுப் பத்து. மறுபடியும் நூற்றுப் பத்து. சர்க்கரை நூற்று எழுபது. டம்ளரை அலமாரியில் தூக்கி வைத்தாள்.

மறுநாள் எல்லாம் தராசில்தான். வயிறு எரிய எரியத்தான் செய்தாள். தட்டுகளை எண்ணத் தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு. என்னடி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. செங்கல்லைத் தின்றுவிட்டுப் பேப்பருக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். ஆனாலும் கேக் பொசுபொசுவென்று எழும்பி வந்தது. பேக்கரிக்காரர் ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, "இதான் வேணும். நாளைலேர்ந்து தினமும் கொண்டாங்க" என்றார்.

வீட்டில் மிச்சமிருந்த துண்டைக் கணவர் வாயில் போட்டார்.

"அடடா, பஞ்சு! இன்னிக்கு உனக்குக் கோபமே இல்ல போலிருக்கு."

பேப்பர் மறுபடி மேலே ஏறியது.

அவள் அலமாரியிலிருந்து வெறும் டம்ளரை எடுத்து வந்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள். பேப்பரைப் பிடுங்கி மடித்தாள்.

"இருக்கு. நெறைய இருக்கு. என்னன்னு கேளுங்க."