பெட்பேன் வைத்த ஜாகுவார்

கடலூர் முதுநகரில் லோகநாயகி காலையில் எழுந்ததும் செய்யும் முதல் வேலை, காருக்கு அடியிலிருந்து பெட்பேனை இழுப்பது. முப்பத்தோரு வருடம் நர்சாக இருந்தவள். கை நடுங்காது, முகம் சுளிக்காது. ராத்திரி முழுக்க சொட்டிய ஆயிலை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, கொட்டகைச் சுவரில் தொங்கும் அட்டையில் எழுதுவாள். உள்ளே போனது ஒரு கட்டம், வெளியே வந்தது ஒரு கட்டம். வார்டில் நோயாளிகளுக்கு எழுதிய அதே அட்டைதான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜாகுவார்'. வயது, அறுபத்து மூன்று.

"நாப்பது மில்லி. நேத்தைக்கு இன்னைக்குத் தேவல" என்று மருமகள் வெண்மதியிடம் சொல்வாள். வண்டியிடமே பேசுகிற கிறுக்கெல்லாம் அவளுக்குக் கிடையாது.

அது ஜாகுவார் மார்க் டூ. பார்த்தால் நாலு கதவு வைத்த குடும்பக் கார். காலை அழுத்தினால் பந்தயக் கார். வெள்ளைக்காரன் இந்த ரகத்துக்கு ஸ்போர்ட்ஸ் சலூன் என்று பேர் வைத்தான். மூக்கில் பாய்கிற வெள்ளிச் சிறுத்தையைப் பார்த்துத் தெருக்காரர்கள் பூனை கார் என்று வைத்தார்கள். எதிர்வீட்டு கோவிந்தசாமி நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், பூனை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவார். உள்ளே சிவப்புத் தோல் சீட்டு, வழவழவென்று மரப்பலகை, அதில் வரிசையாகக் கடிகாரம் போன்ற மீட்டர்கள். முன்சீட்டின் முதுகில் மடக்கி விரிக்கிற குட்டி மேசைகூட உண்டு. மழைநாளில் வெண்மதி அதில் முருங்கைக்கீரை ஆய்வாள்.

மஞ்சக்குப்பத்தில் பக்கவாதத்தில் விழுந்த டாக்டர் தில்லைநாதனை லோகநாயகி நாலு வருடம் பார்த்துக்கொண்டாள். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போட்டாள்; முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. சாயங்காலமானால் டாக்டருக்கு ஷெட்டில் நிற்கிற காரில் உட்கார வேண்டும். வராத கையை மடியில் வைத்து, வருகிற கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "போலாமா சிஸ்டர்?" என்பார். "கேட் போட்டிருக்கான் சார், ரயில் போவட்டும்" என்பாள். இருவரும் அரை மணி நேரம் வராத ரயிலுக்காகக் காத்திருப்பார்கள். அவர் போனபின் வெளிநாட்டிலிருந்து வந்த மகள், "எடைக்குப் போடவா, நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"மூச்சு இருக்கிறத யாராவது எடைக்குப் போடுவாங்களா?" என்று சொல்லி, காகிதங்களைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள் லோகநாயகி.

அவள் மகன் சார்லஸ் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவன். அவனுக்கு அந்தக் கார் வேண்டாம்.

"மூணு தடவ கயிறு கட்டி இழுத்துனு வந்தாச்சு. கடைசித் தடவ எவன் இழுத்தான்? என் கிளாஸ் பையனோட அப்பா, டிராக்டர்ல. மெட்ராஸ்ல பழைய வண்டி சேக்கிற ஒருத்தர் கேக்கிறாரு. குடுத்துட்டு, கியர் இல்லாத சின்ன வண்டியா வாங்கிக்கலாம். நீ எங்கனா நடுரோட்ல தனியா நின்னா நான் இன்னாம்மா பண்றது?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் லோகநாயகிக்குப் பிடிக்கவில்லை.

அவளோடு வார்டில் வேலை பார்த்த மாலதியின் மகள் அனுப்பிரியாவுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம் வைத்தார்கள். சார்லஸ் அதைப் பிடித்துக்கொண்டான். "வண்டி ஒரு தடவகூட மக்கர் பண்ணி நிக்காம சிதம்பரம் போவட்டும், அப்புறம் நான் வாயத் தொறக்கல. நின்னுச்சு, அங்கேயே மெட்ராஸ்காரருக்குப் போன் போட்டுருவேன்."

"ரயில்வே கேட்ல நின்னா?"

"அது கணக்குல வராது."

"வெண்மதி, கேட்டுக்க. உம் புருசன் வாயால சொன்னது."

லோகநாயகி சிரிக்காமல் உள்ளே போனாள். அட்டையைப் பார்த்தவளுக்குத் தெரியும், வண்டிக்கு முப்பதாவது கிலோமீட்டரில் காய்ச்சல் வரும். என்ஜின் மூடியைத் திறந்து கால் மணி நேரம் ஆறவிட்டால் இறங்கிவிடும். பழைய ரோட்டில் இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் ஒரு கேட் உண்டு. ஒன்பது இருபதுக்கு பாசஞ்சர் ரயில். ஊரே அந்த கேட்டைத் திட்டும். அவளுக்கு அது ஓய்வறை.

கல்யாணத்தன்று எட்டே முக்காலுக்குக் கிளம்பினார்கள். லோகநாயகி ஸ்டியரிங்கில், பட்டு வேட்டியோடு சார்லஸ் பக்கத்தில், பின்னால் வெண்மதி, மடியில் பூக்கூடை. சாவியைத் திருப்பி பொத்தானை அழுத்தியதும் வண்டி ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமியது. ஊர் தாண்டியதும் ஒரு ஷேர் ஆட்டோவையும் இரண்டு பஸ்ஸையும் அலட்சியமாக முந்தினாள்.

"மெதுவாம்மா!"

"இது மெதுவாப் போறதுக்கு செஞ்ச வண்டி இல்லடா."

சரியாக ஒன்பது பதினெட்டுக்கு கேட் கண்ணில் பட்டது. திறந்து கிடந்தது. கேட்மேன் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "பாசஞ்சர் லேட்டும்மா, அரை மணி ஆவும். சீக்கிரம் போங்க!"

"பாத்தியா, வழி தொறந்து கெடக்கு" என்றான் சார்லஸ். வண்டி நிற்காமல் போய்ச் சேர்ந்தால் தோற்பவன் அவன்தான்; அவனுக்குக்கூட அதில் ஒரு சந்தோஷம்.

வேறு வழியில்லாமல் தண்டவாளத்தைத் தாண்டினாள். சூட்டு முள் ஏற ஆரம்பித்தது. லோகநாயகி ஒரு குமிழைப் பிடித்துத் தள்ளினாள். காலடியில் குப்பென்று அனல் வந்தது.

"இன்னாம்மா இது?"

"ஹீட்டர்."

"சித்திரை மாசத்துல யாரும்மா ஹீட்டர் போடுவாங்க?"

"வெள்ளக்காரன் வச்சத ஒரு தடவயாவது போட்டுப் பாக்க வேணாமா?"

என்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்தது. முள் ஒரு நூல் இறங்கியது. சார்லஸின் சட்டை முதுகோடு ஒட்டியது. பின்னால் மல்லிகை வாடியது. "அத்தை, நான் வெந்துனு இருக்கேன்" என்றாள் வெண்மதி. நாலு கிலோமீட்டர் தாக்குப் பிடித்தார்கள். பிறகு முள் மறுபடியும் ஏறியது, இந்தத் தடவை நிற்கிற உத்தேசமே இல்லாமல்.

லோகநாயகி ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி அணைத்தாள்.

"நின்னு போச்சு!" சார்லஸ் போனை எடுத்தான்.

"வண்டி எங்கடா நின்னுச்சு? நான் நிறுத்தினேன். எனக்கு அவசரம். சக்கர வியாதி இருக்கிறவளால அடக்க முடியுமா?"

"ஒனக்கு எப்பம்மா சக்கர வந்துச்சு?"

"இப்பத்தான்."

பெற்ற தாயின் மூத்திரத்தை எந்தப் பிள்ளை சந்தேகப்பட முடியும்? டூட்டியில் எட்டு மணி நேரம் அடக்கிப் பழகியவள், வெண்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் போனாள். நாடி பார்க்கிற கைக்கடிகாரத்தில் கால் மணி நேரம் வைத்தாள்.

"மூடி தொறக்கலையே அத்தை" என்றாள் வெண்மதி.

"தொறப்பான், இரு."

அதற்குள் ஆடு மேய்க்கிற இரண்டு பேரும் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரரும் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். "சார், பூனைக்குள்ள எத்தினி சிலிண்டர்?" வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் சும்மா இருப்பானா? சார்லஸ் வேட்டியை மடித்துக் கட்டி மூடியைத் தூக்கினான். "ஆறு. வரிசையா ஆறு. ரெண்டு கார்புரேட்டர் பாருங்க." ரேடியேட்டரிலிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது. ரேடியேட்டரைப் பார்த்தான், பிறகு ஹீட்டர் குழாயைப் பார்த்தான், பிறகு பம்ப்செட் கொட்டகையைப் பார்த்தான். வெப்பக் கடத்தலை வருடா வருடம் நடத்துகிறவன் அவன்.

"அப்புறம் சார்?" என்றார் டிவிஎஸ்காரர்.

சார்லஸ் தொண்டையைச் செருமி மறுபடியும் ஆரம்பித்தான். கால் மணி நேரம் போதவில்லை. அம்மாதான் வந்து அவனை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது.

தாலி கட்டுவதற்கு முன்பே மண்டபம் வந்துவிட்டார்கள். மாலதி ஓடிவந்து, "வந்துட்டியாடி! நின்னுச்சா?" என்றாள். லோகநாயகி மகனைப் பார்த்தாள். அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பந்தியைத் தேடிப் போனான்.

திரும்பும்போது சாவியை அவனே கேட்டான். லோகநாயகி பின்சீட்டில் குட்டி மேசையை விரித்து, அதன்மேல் தாம்பூலப்பையை வைத்துக்கொண்டாள். சார்லஸ் முதலில் பயந்து ஓட்டினான். அப்புறம் ஒரு பஸ்ஸை முந்தினான். அப்புறம் முந்த வேண்டிய அவசியமே இல்லாத இரண்டை முந்தினான். முப்பதாவது கிலோமீட்டரில் யாரும் சொல்லாமலே அவன் கை ஹீட்டர் குமிழுக்குப் போனது. கொஞ்ச தூரத்தில் வண்டியை மரத்தடியில் நிறுத்தி, கதவைத் திறந்தான்.

"இன்னாடா?"

"அவசரம்."

"ஒனக்கு எப்படா சக்கர வந்துச்சு?"

"இப்பத்தான்."

மறுநாள் காலை லோகநாயகி கொட்டகைக்குப் போனபோது பெட்பேன் கழுவிக் கவிழ்த்திருந்தது. அட்டையில் 'வெளியே வந்தது' கட்டத்தில் மகன் கையெழுத்தில் '35' என்று இருந்தது. அவள் சிவப்புப் பேனாவை எடுத்து அதைச் சுழித்து, பக்கத்தில் எழுதினாள்: 'மில்லியா, லிட்டரா? வாத்தியாரே அலகு போடாவிட்டால் மார்க் கிடையாது.'