பேத்தியை அழவைத்த மேடம்

அதத்தான் சொல்ல வரேன், பாதியில எந்திரிக்காதடி. காலேஜு மேடம் எம் பேத்திய அழ வெச்சுச்சுன்னு தெரு பூரா பேசுறாங்கல்ல? நெசந்தான். நானே சண்டைக்குப் போனவதான!

ஒனக்குத் தெரியும், எம் மவன் சிங்கப்பூருல இருக்கான். இவ பெரியவளானப்ப மஞ்சத்தண்ணி சடங்குக்கு வரல. லீவு இல்லன்னுட்டான். அன்னைலேருந்து அப்பங்கிட்ட பேச மாட்டா. போனக் குடுத்தா, "குளிக்கிறேன்னு சொல்லு அப்பத்தா"ம்பா. அவனும் "சரிம்மா, குளிக்கட்டும்"பான். நான் கண்ண மூடறதுக்குள்ள ரெண்டும் பேசிக்குமான்னு எனக்கு அதே நெனப்பு.

இப்ப காலேஜுல, நாடு விட்டு நாடு பொழைக்கப் போற சனங்களப் பத்திப் பாடமாம். மேடம் ஏர்போட்டு ஆபீசரு மாதிரி மேசையில ஒக்காந்துக்கிட்டு, புள்ளைங்கள வரிசையில நிக்க வெச்சு, புரியாத பாசையில கேள்வி கேட்டுச்சாம். பதில் வரலன்னா வரிசையில கடைசிக்குப் போவணும். மொதல்ல ஒரே சிரிப்பாம். இவளத் திரும்பத் திரும்ப அனுப்பவும், தேம்பித் தேம்பி அழுதுட்டா.

மறுநாளே பெரம்பலூரு பஸ் ஏறிட்டேன். கேட்டுல மடக்கி, "எம் புள்ளய என்னாம்மா பண்ணுன?"ன்னேன். அது கோவப்படல. மரத்தடியில ஒக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்துச்சு. எனக்குச் சக்கர இருக்குன்னு சொல்ல மறந்துட்டேன், டீ நல்லாத்தான் இருந்துச்சு.

"முடியலன்னா ஒக்காந்துக்கன்னு சொன்னேம்மா. அவதான், எங்கப்பாவும் இப்படித்தான நின்னுருப்பாரு, நானும் நிக்கிறேன்னுட்டா"ன்னுச்சு.

அவன் அப்படி நின்ன கதைய எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நம்ம பழக்கந்தான் ஒனக்குத் தெரியுமே. அவன் "நல்லாருக்கேன்"பான், நாம "நல்லாருக்கோம்"போம். எனக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணப்பகூட நல்லாருக்கோம்!

வூட்டுக்கு வந்தா, பேத்தி போனும் கையுமா நிக்கிறா. "சடங்குக்கு ஏம்ப்பா வரல? நெசத்தச் சொல்லு."

போன ஸ்பீக்கருல போட்டிருந்தா. அவன் மெதுவா, "கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்து காலு ஒடஞ்சு கெடந்தேன் ஆத்தா. சொன்னா பயந்துருவீங்கன்னு லீவு இல்லன்னேன்"ன்னான்.

"சொல்லியிருந்தா நான் கோவிச்சுக்கிட்டிருப்பனாப்பா?"ன்னு இவ ஓன்னு அழுவுறா. அவனும் அழுவுறான். நானும் ரெண்டு சொட்டு அழுதேன், அப்பறம் சந்தோசத்துல சிரிப்புதான் வந்துச்சு. காலு அப்பவே கூடிருச்சாம். தைக்கு வரானாம். மேடத்தையும் சாப்புடக் கூப்புடணும்னு இருக்கேன்.

நேத்து, "அப்பாவுக்கு என்ன புடிக்கும் அப்பத்தா?"ன்னு கேக்குறா பாரு! வடகந்தான்டின்னேன். மேலத் தெருவுலேருந்து ஒரு பையன் சிங்கப்பூரு போறான்னதும், அவங்கிட்ட குடுத்தனுப்பணும்னு சின்ன வெங்காயம் ஒரு கூட அரிஞ்சு, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த அவளே உருட்டி, இந்தா, இந்த மாடியில காயப் போட்டுட்டுப் போயிருக்கா. என்னையத்தான் பாத்துக்கச்... அய்யய்யோ, காக்கா! ச்சூ! ச்சூ! எந்திரிடி, அந்தக் குச்சிய எடு!