வால்வு முட்டிய நாள்

என் தம்பி மனைவி மாலதியை ராசியில்லாதவள் ஆக்கியவன் நான்தான். அவள் ஜாதகத்தின் மேல் பழி போடாதீர்கள்... செய்தது நான்!

கேளுங்கள். என்னிடம் ஒரு பழைய குட்டிக் கார் இருக்கிறது. பார்க்க அழகு, எஞ்சின்தான் சிறியது. மூன்று பேர் ஏறினாலே மேட்டில் முக்கும். தம்பி கல்யாணத்தில் அதுதான் பெண்ணழைத்து வரும் கார் என்று முடிவானதும் எனக்கு வீம்பு பிடித்தது. அதே வகைக் காரின் பெரிய எஞ்சினுக்கு உரிய சிலிண்டர் ஹெட் ஒன்றை, அதாவது வால்வுகள் இருக்கும் மேல்பாகத்தை, தேடிப் பிடித்தேன். பெரிய வால்வுகள்... இழுவை கூடும்!

எங்கள் கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் கார்ப் பட்டறைக்காரர் பார்த்ததுமே எச்சரித்தார்.

"அண்ணே, வால்வு பெருசு. எறங்குறப்ப கீழ இருக்கிற எஞ்சின் ப்ளாக்குல முட்டும். எஞ்சின எறக்கி, ப்ளாக்குல குழி வெட்டணும். அவசரப்படாதீங்க லா."

அவசரப்பட்டேன். எஞ்சினை இறக்கினால் கல்யாணத்துக்குள் வேலை முடியாது. ஹெட்டுக்கும் ப்ளாக்குக்கும் இடையில் தடித்த கேஸ்கெட் தகடு ஒன்றை வைத்து மாட்டி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வால்வு முட்டாமல் மயிரிழை இடைவெளி இருந்தது. அது போதும் என்றது என் ஆணவம்.

பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் தாலி கட்டியாயிற்று. ராகு காலம் தொடங்குமுன் மருமகள் கிள்ளான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆரத்தி கரைக்க எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். மணமக்களை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டினேன். நேரம் தாராளமாக இருந்தது.

மேட்டில் ஒரு லோரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது தம்பி சிரித்தான். "என்னாண்ணே, எறங்கித் தள்ளவா?"

மிதித்தேன்! லோரியை முந்தும் நேரத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம்... பிறகு ஒரே நடுக்கம். வால்வு ப்ளாக்கில் முட்டி வளைந்துவிட்டது என்று அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பட்டுப்புடவையும் மாலையுமாக மாலதி சாலையோரம் வெயிலில் நின்றாள். வேறு வண்டி பிடித்து, நெரிசலில் நகர்ந்து வீடு சேர்ந்தபோது ராகு காலம் பாதி கழிந்திருந்தது.

"வண்டிக்கு என்னாடா ஆச்சு?" என்றார் அம்மா.

"தெரியலம்மா... எல்லாம் புதுசுதான். ஏன் நின்னுச்சுன்னே தெரியல."

நான் சொன்ன பொய் இவ்வளவுதான். அம்மாவின் பார்வை மெல்ல மாலதியின் பக்கம் திரும்பியது. அப்போதாவது வாய் திறந்தேனா? இல்லையே!

பிற்பாடு எஞ்சினை இறக்கி ஒழுங்காகக் குழி வெட்டினேன். அதன்பின் கார் ஒருநாளும் நின்றதில்லை. அதுவே அவளுக்கு வினையாயிற்று.

"பாத்தியா, அவ ஏறாத வரைக்கும் நல்லாத்தான் ஓடுது" என்பார் அம்மா. தம்பியின் வியாபாரம் நொடித்தாலும், அம்மாவுக்குக் கால் வீங்கினாலும் பழி மாலதிக்குத்தான். நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நல்ல காரியத்துக்கு யார் கிளம்பினாலும் அவள் தானாகவே உள்ளே போய்விடுவாள்.

ஒருமுறை சொல்லிவிடத் துணிந்தேன். "மாலதி, அன்னிக்குக் கார் நின்னது..."

"விடுங்க மாமா. கார் என்னா பண்ணும், பாவம்? என் ராசி அப்படி."

சிரித்துக்கொண்டே எனக்குத் தேநீர் ஊற்றினாள். நானும் குடித்தேன். என்ன மனிதன் நான்?

போன மாதம் என் மகள் பங்சாரில் ஒரு நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பினாள். நான் காரில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். வாசலில் மாலதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதுகு எங்கள் பக்கம். நாங்கள் புறப்படுவதை அவள் கவனிக்கவில்லை.

"போலாம்பா, லேட்டாச்சு லா" என்றாள் மகள்.

நான் கிளப்பவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தினேன். மெல்ல ஒருமுறை செருமினேன்...

மாலதி திரும்பினாள். எங்களைப் பார்த்ததும் ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் நான் காரைக் கிளப்பினேன். வால்வுதான் காரணம் என்று அந்த வீட்டில் தெரிந்தவன் நான் ஒருவனே... அவள் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தவனும் நானே!