எந்த அடுக்கில் கிடைத்த இலை?

நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு சின்ன லேபிளில் ஒரு வரி பொய் எழுதினேன். அதனால் என் நண்பன் டேவிட்டுக்குப் போக வேண்டிய ஆராய்ச்சி இடம் எனக்கு வந்தது.

எம்.எஸ்ஸி. ஜியாலஜி படிக்கும்போது வடக்கே ஒரு நிலக்கரிப் பகுதியில் ஃபீல்டு கேம்ப். ஆற்றங்கரையில் பத்து நாள் கூடாரம், அரைவேக்காட்டுச் சோறு. சோற்றில் கல் கடிபட்டால், "இது எந்த அடுக்குடா?" என்பான் டேவிட். அப்படிச் சிரித்த நாட்கள் பிறகு வரவே இல்லை.

கரைச் சரிவில், ஏறக்குறைய முப்பது கோடி வருடங்களுக்கு முந்தைய பெர்மியன் காலம் அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் பனிப்பாறைகள் விட்டுப்போன உருண்டைக் கற்கள், மேலே மணற்பாறை, அதற்கும் மேலே நிலக்கரியும் இலைப் படிவங்களும். எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்தவன் டேவிட். அடி அடுக்கில் இலையே இல்லை என்று நோட்டில் எழுதியிருந்தான்.

கடைசி நாள், சரிவின் கீழே உதிர்ந்து கிடந்த ஒரு கல்லைப் புரட்டினேன். நாக்கு மாதிரி நீண்ட இலை... நடு நரம்புகூடத் தெளிவாக! உதிர்ந்த கல்லுக்கு அடுக்கு எழுதக்கூடாது. எங்கிருந்தும் உருண்டு வந்திருக்கலாம். முதல் வருடப் பாடம் அது. ஆனால் அடி அடுக்கில் இலை கிடைத்தால் அபூர்வமல்லவா? லேபிளில் ‘அடி அடுக்கு’ என்றே எழுதிவிட்டேன்.

பேராசிரியர் என்னைத் தட்டிக்கொடுத்தார். டேவிட்டிடம், பத்து நாளும் கண்ணை மூடிக்கொண்டா அளந்தாய் என்று கேட்டார். அவன் பள்ளி ஆசிரியராகப் போனான். நான் பேராசிரியர் ஆனேன். கல், அதே லேபிளோடு கல்லூரி மியூசியத்தில்.

சென்னையில் நான் சிட்லபாக்கம், அவன் பக்கத்திலேயே முடிச்சூர். போக எத்தனை நேரமாகும், சொல்லுங்கள்? எனக்கு இத்தனை வருடம் ஆனது.

போன மாதம் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் எழுதியது பொய், இலை மேல் அடுக்கிலிருந்து விழுந்தது, டேவிட் அளந்ததே சரி என்று. அனுப்பும் முன் அவனிடம் காட்டப் போனேன். அவனுடைய நோட்டு வெள்ளத்தில் போய்விட்டதாம். இனி அவன் பக்கம் பேச இந்தக் கடிதம்தான் மிச்சம்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தான்.

"மேலேருந்து விழுந்துச்சுன்னு எழுதியிருக்கே. நீ பார்த்தியா?"

"இல்லை. ஆனா அப்படி எழுதினாத்தானே நீ சொன்னது சரின்னு ஆகும்?"

"எனக்காக இன்னொரு பொய் வேணாம். கீழே கிடந்துச்சு, எடுத்தே. அவ்ளோதானே உனக்குத் தெரியும்?"

தப்பை ஒப்புக்கொள்ளும்போதுகூட கொஞ்சம் கூட்டிச் சொல்கிறோம் — பார்த்தீர்களா?

அவன் வீட்டு டைனிங் டேபிளிலேயே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். மன்னித்ததாக அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கல்லூரியில் லேபிளை மாற்றிவிட்டார்கள். அடுக்கு: தெரியவில்லை. அதன் போட்டோவை டேவிட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறு நிமிடமே பதில்: "கல் எடுத்த தேதி போடலை."

கல்லூரிக்கு இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.