எதிர்க் கவுண்டர் ஜீனத் அக்கா

செல்போன் கடைக்குள் நீங்கள் நுழைந்ததும் நாலு பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் பயந்துவிடாதீர்கள், அந்த நாலு பேரும் நாலு கம்பெனி. நாங்கள் கடை முதலாளியின் ஆட்கள் இல்லை. எங்களுக்குப் பெயர் புரமோட்டர். சம்பளம் கம்பெனி கொடுக்கிறது, பெயர் போட்ட டீசர்ட்டும் கம்பெனி கொடுக்கிறது. கால் வலிக்குத் தைலம் மட்டும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். துணிக்கடையோ நகைக்கடையோ, நாள் முழுக்க நின்று பிழைக்கிற எல்லோருக்கும் இது புரியும். நான் திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, பழங்காநத்தத்தில் ஒரு கடையில் மூன்று வருடம் நின்றேன். எனக்கு நேர் எதிரே போட்டிக் கம்பெனியின் கவுண்டர். அங்கே ஜீனத் அக்கா.

கேமராவா, பேட்டரியா

சேர்ந்த முதல் வாரம். டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் சேர்ந்திருக்கிறாள், அவளோடு பேச ஒரு போன் வேண்டும் என்றார். பயிற்சியில் மனப்பாடம் செய்ததையெல்லாம் நான் கொட்டினேன். எங்கள் கேமரா அப்படி, செல்ஃபி இப்படி. நான் மூச்சு வாங்குகிற இடைவெளியில் எதிர்ப்பக்கமிருந்து ஜீனத் அக்கா பேட்டரியைப் பற்றி ஆரம்பித்தார். அந்த மனிதர் கைகளைக் கட்டிக்கொண்டு, பேங்க் மேனேஜர் முன்னால் நிற்பதுபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தயக்கத்தோடு கேட்டார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் சொல்றீக. எங்க வீட்டுக்குள்ள டவர் எடுக்குற போன் எதுன்னு மட்டும் சொல்லுங்க தாயி."

உளவு வேலை

எதிர்க் கம்பெனி இன்று என்ன ஆஃபர் போட்டிருக்கிறது, என்ன இலவசம் கொடுக்கிறது என்று தினமும் காலையில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இது எங்கள் ஏரியா மேனேஜரின் உத்தரவு. நான் யாருக்கோ போன் பேசுவதுபோல நடித்து ஜீனத் அக்காவின் போர்டைப் படம் பிடிப்பேன். அப்படி ஒருநாள் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், போர்டுக்குப் பின்னால் அக்கா குனிந்து நின்று என் போர்டைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்தை அவரிடமே காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தன் டப்பாவிலிருந்து ஒரு கபாபை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார்.

"எதுக்கு மாரி கழுத்தச் சுளுக்கிக்கிற? என் போர்ட நானே எடுத்து உனக்கு அனுப்புறேன், உன்னோடத நீ அனுப்பு."

விரல்கள்

அது மாதக் கடைசி நாள். டார்கெட்டுக்கு ஒரு போன் குறைந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் எனக்குக் குறைந்திருந்ததால், இந்தத் தடவையும் விட்டால் கவுண்டர் இருக்காது என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அன்றைக்குப் பார்த்து இளம் தம்பதி ஒன்று வந்தது. இருவருக்கும் காது கேட்காது, பேச்சு வராது. அந்தப் பெண் தன் போனில் டைப் செய்து காட்டினாள். கணவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, இனி வீடியோ காலில்தான் பேச்சு, அதற்கு அவருக்கு நல்ல போன் வேண்டும். எங்கள் ஆஃபரைக் காட்டலாம் என்று கையை நீட்டினேன். அன்றைய இலவசம் ஹெட்செட். அந்த டப்பாவை மெதுவாக மேசைக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

கணவர் எங்கள் போனோடு கடையின் மறு கோடிக்குப் போனார். அங்கே வெளிச்சம் குறைவு. மனைவி என் பக்கத்தில் நின்று, தன் போனில் அவரைப் பார்த்துச் சைகையில் பேசினாள். அவர் கை வேகமாக அசையும்போதெல்லாம் விரல்கள் ஒன்றோடொன்று குழைந்துபோயின. அடுத்து ஜீனத் அக்காவின் போனைக் கொடுத்தோம். அதில் பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. சோதிக்க வந்ததையே மறந்து இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் ஏதோ சின்னச் சண்டைகூட வந்தது. கடையில் நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எதிர்க் கம்பெனி போன் விலை கொஞ்சம் கூட. அந்தப் பெண் தயங்கினாள். எதை வாங்கட்டும் என்று என்னைத்தான் கேட்டாள். பக்கத்தில் நின்றது நான்தானே. ஒரு நிமிடம் டார்கெட் கண்ணுக்குள் வந்து போனது. பிறகு ஜீனத் அக்காவின் கவுண்டரைக் கை காட்டினேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, டைப் செய்து நீட்டினாள்.

"இதுல அவர் விரல் கலையாமத் தெரியுது. இனி அவர் கோவத்துல சொல்றதும் எனக்குப் புரியும்."

பாதியில் வந்த செய்தி

பத்து நாள் கழித்து, ஒரு காலேஜ் பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் போன் காட்டிக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பில் செய்தி வந்தது. சின்னக் கடைகளில் இனி ஆள் நிறுத்துவதில்லை, ஆன்லைன் விற்பனையில்தான் கவனம் என்று கம்பெனி முடிவு செய்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமையோடு என் கவுண்டர் காலி. அந்த ஒரு போனை விற்றிருந்தால் தப்பித்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவும் பையனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வாரேன் என்று சொல்லி ஸ்டாக் ரூமுக்குள் போய்விட்டேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது ஜீனத் அக்கா, தன் கம்பெனி டீசர்ட்டோடு, என் கவுண்டருக்குப் பின்னால் நின்று எங்கள் போனை விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் கேமராவின் பெருமையை என்னைவிட நன்றாகச் சொன்னார். பில் என் பெயரில் விழுந்தது. அவர்கள் போனதும், அக்காவிடம் அந்தச் செய்தியைக் காட்டி, இனி இதை ஏன்க்கா விக்கிறீங்க என்று கேட்டேன்.

"உன்னை நிறுத்துனது கம்பெனி. போன் என்ன பாவம் பண்ணுச்சு?"

குறை என்ன

திருமங்கலத்தில் தங்கள் கம்பெனிக்கு ஆள் தேவை என்று அக்காதான் தன் மேனேஜரிடம் சொன்னார். எனக்குக் கூச்சம். மூன்று வருடமாக யாரை மட்டம் தட்டிப் பேசினேனோ அவர்களிடமே எப்படிப் போய் நிற்பது? ஆனாலும் போனேன். மேனேஜர், எங்கள் போனில் என்ன குறை, பயப்படாமல் சொல்லுங்கள் என்றார். சூடாவது, சார்ஜர் கேபிள் நீளம் பத்தாதது, சர்வீஸ் சென்டரில் காக்க வைப்பது என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வேலை போனது போனதுதான் என்று எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த ஜீனத் அக்காவை உள்ளே கூப்பிட்டார்.

"நம்ம ஆளுகளுக்கே நம்ம போனப் பத்தி இம்புட்டுத் தெரியாதும்மா, திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

செல்போன் கம்பெனிகளின் போட்டி எனக்கு முழுதாக இன்னும் விளங்கவில்லை, ஆனால் என் கம்பெனி என்னை வெளியே அனுப்பியதும் எதிரிக் கம்பெனி எனக்குச் சோறு போட்டதும் ஒரே மாதத்தில் நடந்தன.