சமாதாரின் குளத்துக் கதை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். கதைக்காரர்களின் புளுகைத் திருத்தியே இருபது வருஷம் சோறு தின்றவள் நான். இதில் ஒரு சொல்கூட நானாகச் சேர்க்கவில்லை.

கல்கத்தா. எங்கள் பத்திரிகையின் துர்கா பூஜை மலர் அச்சுக்குப் போகும் வாரம். ஹேமாங்க சமாதார் என்பவரின் கதை தபாலில் வந்திருந்தது. ‘நான்’ என்று ஒருவன் சொல்லும் கதை. அவன் மனைவி சங்கு வளையலைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, வீட்டுக் குளத்தில் குதித்துவிட்டாளாம். கெட்ட நடத்தையாம். இவன் அழுகிறானாம்.

ச்சீ! எங்கள் வங்காளத்தில் அது தாலி மாதிரி. புருஷன் உயிரோடு இருக்கும்போது எவள் அதைக் கழற்றுவாள்?

“பொய் சொல்றான், நிகிலேஷ்தா,” என்றேன் ஆசிரியரிடம்.

“சொல்லட்டுமே, சுதேஷ்ணா. கதை சொல்றவன் புளுகினா அது ஒரு அழகு. வாசகன் கண்டுபிடிப்பான்.”

“கண்டுபிடிக்கணும்னு எழுதலை. நம்பணும்னு எழுதியிருக்கான். அவ பேரு நாறிடும்.”

“கதையில வர்றவளுக்கு ஏது பேரு? வேலையப் பாரு.”

வெள்ளிக்கிழமை. பிற்பகல் 3.10. ஆசிரியர் வெளியே போயிருந்தார். அடைமழை. ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். “சமாதார்,” என்றார்.

குடை இல்லை. சட்டை நனையவில்லை. ஆனால் ஒரு வாடை... அழுகின பாசி வாடை.

“வளையல் வரிய வெட்டிடாதம்மா.”

“அவங்களா கழட்டினாங்க?”

“அவளேதான்.”

“என் கையப் பாருங்க. இழுத்தாலும் வராது.”

சிரித்தார். பல்லிடுக்கில் பச்சை.

“சோப்பு போட்டா வரும். கை விறைச்சுப் போச்சு... தங்கம் கட்டின வளையல்... தண்ணியில போட மனசு வரலை...”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அவளேதான் கழட்டினா,” என்றார் மறுபடி. அழுதார்.

வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். திரும்பினேன்.

3.17. நாற்காலி காலி.

கதவுச் சத்தமே இல்லை...

திங்களன்று அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். தம்பி எடுத்தார்.

“அண்ணனா? புதன்கிழமையே போய்ச் சேர்ந்துட்டாரே. மாரடைப்பு.”

புதன்... செத்த பிறகும் புளுக வந்திருக்கிறான், படுபாவி!

“உங்க அண்ணி?”

“எவனோடயோ ஓடிப்போயிட்டதா அண்ணன் சொன்னாரு. ஏழு வருஷம் ஆச்சு. ஊரே காறித் துப்புச்சு. அண்ணியோட அம்மா மட்டும் பூஜைக்குப் பூஜை புதுப் புடவை எடுத்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்கு.”

“வீட்டுல குளம் இருக்கா?”

“இருந்துச்சு. அண்ணி ஓடிப்போன அதே வாரத்துல அண்ணன் மண்ணடிச்சு மூடிட்டாரு. ஏன் கேக்கறீங்க?”

“தோண்டுங்க,” என்றேன்.