நாற்பது சொல் டீச்சர்

என் தங்கைக்குத் தெரிந்த ஸ்பானிஷ் மொத்தமே நாற்பது சொற்கள். அத்தனையும் செடி கொடி சம்பந்தப்பட்டவை. பசிக்கிறது என்றுகூட அந்த மொழியில் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மொட்டு, காம்பு, தொட்டி, புழு என்றால் கடகடவென்று சொல்லுவாள். இந்த லட்சணத்தில் அவள் ஸ்பானிஷ் டீச்சர்.

நாங்கள் இருவரும் ஒரே குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறோம். எனக்குத் தொட்டில் குழந்தைகள் அறை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், நாலைந்து வயது வாண்டுகளோடு. ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கட்டுமா என்று அவள் கேட்டதும் மேலாளர் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாளே வாசல் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார். பெற்றோருக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த மொழியில் மூக்கைச் சிந்தச் சொன்னாலே புரியாத பிள்ளைகள் அவை, அதை யாரிடம் சொல்ல?

அவள் வகுப்பில் புத்தகம் கிடையாது, படம் கிடையாது. ஒரே சட்டம்தான். கையால் தொட்டால்தான் சொல் கிடைக்கும். ஆளுக்கொரு தயிர் டப்பா, அடியில் ஓட்டை, உள்ளே மண். மண்ணைப் பிசைந்துகொண்டே 'தியெர்ரா' என்பார்கள். அவரை விதையை உள்ளங்கையில் உருட்டி 'செமியா' என்பார்கள். வேரைத் தொட்டு 'ரையீஸ்' என்று சொல்வதற்காகவே ஈரப் பஞ்சில் தனியாக விதை போட்டு முளைக்க வைத்திருந்தாள். ஒருவன் செமியாவை மூக்குக்குள் தள்ளிக்கொண்டான். அதை வெளியே எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வகுப்பு முடிந்து இருபத்திரண்டு பிள்ளைகளின் கைகளைக் கழுவிவிடுவதும் என் தலையில்தான் விடிந்தது.

அந்த நாற்பது சொற்களும் அவளுக்கு அவள் மகள் சொல்லிக் கொடுத்தவை. கல்யாணம் முறிந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. அவள் கணவனுக்கு அந்த மொழி பேசும் நாட்டில் வேலை கிடைத்தது, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனான். என் தங்கை அப்போது படுத்த படுக்கையாகக் கிடந்தாள். குழந்தை அவனோடு இருக்கட்டும் என்று கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டாள். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. பாதி அவன் மேல், பாதி இவள் மேல். அன்றிலிருந்து நாலு வருஷமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். படு என்றால் படுப்பாள்.

குழந்தைக்கு நம் பேச்சு மறந்தே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் முகம் காட்டும். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். ஒரு நாள் குழந்தை பால்கனியிலிருந்த தொட்டியைத் தூக்கி வந்து, ஒரு இலையைப் பிடித்துக் காட்டி, 'ஓஹா' என்றது. இவளும் 'ஓஹா' என்றாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு சொல், சில வாரம் அதுவும் இல்லை.

இந்த விடுமுறைக்குக் குழந்தை ஒரு மாதம் இங்கே வருவதாகப் பேச்சு. ஏழு வயதாகிவிட்டது, அவளையே கேட்டு முடிவு செய்யலாம் என்று அவன் சொல்லியிருந்தான். வந்தால் இங்கே யாரோடு விளையாடும்? ஊமை மாதிரி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்குமே. அதற்காகத்தான் இந்த வகுப்பே. மேலாளர் அம்மாவுக்கு இது தெரியாது, எனக்கே பாதியில்தான் தெரிந்தது. பிள்ளைகளிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டாளாம். அவரை பூக்கிற சமயத்தில் என் மகள் வருவாள், அவளுக்கு இந்தப் பேச்சுதான் புரியும், நீங்கள்தான் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தை வழக்கத்தைவிட நிறையப் பேசியது. இவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் வந்து விளக்கினான். தோழிகள் எல்லோரும் ஏதோ முகாமுக்குப் போகிறார்களாம், இங்கே தனக்கு யாரையும் தெரியாது என்கிறாளாம், வர இஷ்டமில்லையாம். இவள் சரி என்றாள். போனை வைத்துவிட்டு, பாதியில் விட்ட துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"இருபத்திரண்டு பிள்ளைங்க உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு அவகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவள் ஒரு சட்டையின் கையை நீவிவிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சது இலை, வேர், புழு. அத வச்சு இத எப்படிக்கா சொல்றது?"

அவனைச் சொல்லச் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவனிடம் அவள் எதுவும் கேட்டு நாலு வருஷமாகிறது.

திங்கட்கிழமை பிள்ளைகளைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனாள். டப்பாவில் வளர்ந்த கொடிகளை மதிலோரம் மாற்றி நட்டிருந்தார்கள். நாலைந்தில் பூ விட்டிருந்தது. அழுத குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நான் கதவருகே நின்றேன். எதையும் குத்திக் குத்திக் கேட்பதால் நான் குண்டூசி என்று பெயர் வைத்திருந்த சிறுமிதான் முதலில் பார்த்தாள்.

"டீச்சர், பூ வந்துடுச்சு. உங்க பாப்பா எப்ப வருவாங்க?"

நானாக இருந்தால் அடுத்த வாரம் என்று அளந்துவிட்டிருப்பேன்.

"அவ வரமாட்டா," என்றாள் என் தங்கை.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குண்டூசி விடுவதாக இல்லை.

"அப்ப நாங்க கத்துக்கிட்டதெல்லாம் யார்கிட்ட சொல்றது?"

என் தங்கை மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எங்கிட்ட சொல்லுங்க."

தொட்டால்தானே சொல். ஒவ்வொருவராக வந்து இலையோ மண்ணோ காம்போ அவள் உள்ளங்கையில் வைத்து, அதன் பெயரைச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் சரி என்றாள், போனில் சொன்ன அதே குரலில். எனக்குத்தான் கண்ணீர் கண்ணை மறைத்தது. கடைசிப் பிள்ளையும் சொல்லிவிட்டுக் கை கழுவ ஓடியது. அவள் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.